தலைகீழாக நின்றால் பாடம் புரியுமா?

(மூன்றாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுவியல் பிரிவு மாணவன்)



"நாளைக்கு நடத்தப்போற பாடத்தோட வீடியோவை குரூப்ல போட்டிருக்கேன். எல்லாரும் வீட்ல பார்த்துட்டு வந்துடுங்க. கிளாஸ்ல கணக்கும் டவுட்டும் மட்டும்தான்."

கொரோனாவுக்குப் பிறகு டிப்ளமோ படிக்க வந்த நம்மில் பலர் இந்த அறிவிப்பை ஏதாவது ஒரு பாடத்திலாவது கேட்டிருப்போம். இதற்கு ஃபிளிப்டு கிளாஸ்ரூம் என்று பெயர். தமிழில் சொன்னால் தலைகீழ் வகுப்பறை. கல்லூரியில் பாடம், வீட்டில் வீட்டுப்பாடம் என்று காலங்காலமாக இருந்ததைத் திருப்பிப் போட்டு, வீட்டில் பாடம், கல்லூரியில் வீட்டுப்பாடம் என்று ஆக்குவதுதான் இதன் சாரம். புதுமையான முறை என்று கருத்தரங்குகளில் இதைப் புகழ்கிறார்கள். புகழட்டும். ஆனால் பரீட்சை எழுதப்போவது நாம். அரியர் விழுந்தால் ஃபீஸ் கட்டப்போவதும் நாம். ஆகவே நம் தரப்பிலிருந்தும் நாலு வார்த்தை பேசியாக வேண்டும் என்றுதான் இந்த மலரில் இதை எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். வகுப்பில் உட்கார்ந்து நாமே கணக்குப் போடுவது நல்லது. அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதற்காகப் பாடத்தின் முதல் விளக்கத்தை வீட்டுக்கு அனுப்புகிறார்களே, அதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு ஆபத்து. இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

எங்கே பிறந்தது இந்த முறை?

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் உட்லண்ட் பார்க் என்று ஓர் ஊர். அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்று இரண்டு வேதியியல் ஆசிரியர்கள். விளையாட்டுப் போட்டி, அது இது என்று வெளியூர் போய் வகுப்பைத் தவறவிடும் மாணவர்களுக்காக 2007-ஆம் ஆண்டு தங்கள் பாடங்களை வீடியோவாகப் பதிவு செய்து இணையத்தில் போட ஆரம்பித்தார்கள். பிறகு எல்லோருக்குமே பாடத்தை வீடியோவில் கொடுத்துவிட்டு, வகுப்பு நேரத்தைக் கணக்குக்கும் சோதனைக்கும் ஒதுக்கினார்கள். 2012-ல் இதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார்கள். இதே எண்ணத்தை 2000-ஆம் ஆண்டிலேயே ஒஹையோ மாநிலத்தின் மயாமி பல்கலைக்கழகப் பொருளாதார ஆசிரியர்கள் கட்டுரையாக வெளியிட்டிருந்தார்கள். 2011-ல் சல்மான் கான் தன் கான் அகாடமி வீடியோக்களைப் பற்றி டெட் மேடையில் பேசிய பிறகு இது உலகம் முழுக்கப் பரவியது.

நம் ஊரில் வேகம் பிடித்ததற்குக் காரணம் 2020 மார்ச் மாதம் வந்த ஊரடங்கு. கல்லூரிகள் மூடிக் கிடந்தபோது ஆசிரியர்கள் வேறு வழியில்லாமல் வீடியோ எடுத்தார்கள். 2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு, பாடத்தில் 40 சதவீதம் வரை ஆன்லைனில் நடத்தலாம் என்று ஒரு கருத்துரு வெளியிட்டது. ஊரடங்கு போய்விட்டது. வீடியோ பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். வகுப்புக்கு வர முடியாதவனுக்காகப் பிறந்த மருந்து இது. அதைத் தினமும் இரண்டு பஸ் மாறி வகுப்புக்கு வந்து சேர்கிறவனுக்கும் கட்டாயமாகப் புகட்டினால் எப்படி?

நல்லதை மறைக்க வேண்டாம்

குறை சொல்லும்போது நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆசிரியர் ஒரு மணி நேரம் போர்டில் எழுதிக்கொண்டே போக, நாம் காப்பி அடித்துக்கொண்டே போவது நல்ல படிப்பு என்று நானும் சொல்ல மாட்டேன். 2014-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு, அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. வெறும் லெக்சர் மட்டும் நடந்த வகுப்புகளில் 33.8 சதவீதம் பேர் ஃபெயில். மாணவர்கள் தாங்களே கணக்குப் போட்டு, பேசி, விவாதித்த வகுப்புகளில் 21.8 சதவீதம்தான் ஃபெயில். வித்தியாசம் சின்னதல்ல.

ஆனால் அந்தப் பலன் எதனால் வந்தது? வீடியோவாலா, வகுப்பில் செய்து பார்த்ததாலா? இந்தக் கேள்வியை யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். உயிரியல் வகுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தலைகீழ் முறை. இன்னொரு பிரிவுக்குப் பாட விளக்கம் வகுப்பிலேயே, பயிற்சி பிறகு. இரண்டு பிரிவிலும் மாணவர்களே செய்து பார்க்கும் முறைதான். கடைசியில் மார்க்கில் வித்தியாசமே இல்லை! அதாவது, பலன் தருவது செய்து பார்ப்பது. பாடத்தை வீட்டுக்கு அனுப்புவதால் தனியாக எந்த லாபமும் இல்லை.

இன்னொரு சோதனை, அமெரிக்க ராணுவத்தின் வெஸ்ட் பாயிண்ட் அகாடமியில். குலுக்கல் முறையில் வகுப்புகளைப் பிரித்துச் செய்தது. முடிவு 2019-ல் வெளிவந்தது. கணிதத்தில் உடனடியாகக் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. பொருளாதாரத்தில் அதுவும் இல்லை. கணிதத்தில் கிடைத்த முன்னேற்றமும் கடைசிப் பரீட்சை வரை நிற்கவில்லை. முக்கியமான விஷயம் இனிமேல்தான். ஏற்கெனவே நன்றாகப் படிக்கிறவர்களுக்குத்தான் லாபம் போய்ச் சேர்ந்தது. முன்னால் இருக்கிறவனுக்கும் பின்னால் இருக்கிறவனுக்கும் இடைவெளி கூடிவிட்டது.

அங்கே படிக்கிறவர்கள் அகாடமியிலேயே தங்கிச் சாப்பிட்டு, மாதச் சம்பளமும் வாங்கிக்கொண்டு படிக்கிறவர்கள். அங்கேயே இடைவெளி கூடுகிறது என்றால், பகல் முழுக்கக் காலேஜ், சாயங்காலம் பெட்ரோல் பங்க் என்று ஓடுகிற நம் நண்பனின் கதி என்ன?

முதல் விளக்கம் என்பது சாதாரண விஷயமா?

"வீடியோவில் சொல்வதும் நேரில் சொல்வதும் ஒன்றுதானே?" என்று கேட்பார்கள். இல்லை. முதல் வருடத்தில் நாம் எல்லோரும் முழித்த இடத்தை நினைத்துப் பாருங்கள். இன்ஜினியரிங் டிராயிங்கில் ஃபர்ஸ்ட் ஆங்கிள் புரொஜெக்‌ஷன். மேலிருந்து பார்க்கிற டாப் வியூவை ஏன் கீழே வரைகிறோம்? பாதி கிளாஸ் குழம்பும் இடம் அது.

ஒரு நல்ல டிராயிங் ஆசிரியர் என்ன செய்வார்? குழம்பிய முகங்களைப் பார்ப்பார். ஒரு பேப்பரை எடுத்து 'எல்' மாதிரி மடிப்பார். ஒரு பாதி சுவர், மறு பாதி தரை. நடுவில் ஒரு சாக்பீஸ் டப்பாவை வைப்பார். "முன்னாலிருந்து பார்த்தது சுவர்ல விழும். மேலிருந்து பார்த்தது எங்கடா விழும்?" "தரையில சார்." "இப்ப பேப்பரை விரி. தரை எங்க போச்சு?" "கீழ சார்!" முடிந்தது. மூன்றே வருஷம் இல்லை, முப்பது வருஷம் ஆனாலும் மறக்காது.

அந்தப் பேப்பரை வீடியோவிலும் மடித்துக் காட்டலாம். ஆனால் யாருக்கு எப்போது மடிக்க வேண்டும் என்பது வீடியோவுக்குத் தெரியாது. நம் முகம் அதற்குத் தெரியாது. புரியாத இடத்தில் அது நிற்காது; நாம்தான் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மறுபடியும் அதே வாக்கியத்தை அதே மாதிரிதான் சொல்லும். பாடம் புதிதாக இருக்கும்போது, என்ன புரியவில்லை என்று சொல்லக்கூட நமக்கு வார்த்தை இருக்காது. அப்படிப்பட்ட நேரத்தில்தான் ஆசிரியர் பக்கத்தில் வேண்டும். அந்த நேரத்தில் நம்மைத் தனியாக விட்டுவிட்டு, பிறகு வகுப்பில் "டவுட் கேளுங்க" என்றால், கேட்கத் தெரிந்தவன் மட்டும் கேட்பான். மற்றவர்கள் தலையை ஆட்டுவார்கள்.

எந்த வீடியோவைப் பார்ப்பது?

அனுப்பிய வீடியோ புரியவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? யூடியூபில் தேடுகிறோம். முதலில் வந்து நிற்பது வெளிநாட்டு வீடியோவாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் தேர்ட் ஆங்கிள் முறைதான் வழக்கம். அதில் டாப் வியூ மேலே இருக்கும்! நம் பாடத்தில் கீழே. தனியாக உட்கார்ந்து பார்க்கிற பையன் எதை நம்புவான்?

என் பிரிவிலிருந்தே இன்னொரு உதாரணம். இண்டக்‌ஷன் மோட்டாரின் சிங்க்ரனஸ் வேகம். 120-ஐ ஃப்ரீக்வென்சியால் பெருக்கி, போல்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அமெரிக்க வீடியோவில் ஃப்ரீக்வென்சி 60 ஹெர்ட்ஸ். ஆகவே 4 போல் மோட்டாருக்கு 1800 ஆர்.பி.எம். நமக்கு 50 ஹெர்ட்ஸ், ஆகவே 1500. நம் லேபில் இருக்கும் மோட்டாரின் பெயர்ப் பலகையில் அதற்கும் கொஞ்சம் குறைவாக 1440 என்கிற மாதிரி இருக்கும், ஸ்லிப் காரணமாக. ஆக மூன்று எண்கள். மூன்றுமே அதனதன் இடத்தில் சரி. பக்கத்தில் ஆசிரியர் இருந்தால் அரை நிமிஷத்தில் தீர்கிற விஷயம். இல்லாவிட்டால், "எனக்கு இந்த சப்ஜெக்டே வராது" என்கிற முடிவுக்கு ஒருவன் ராத்திரியே வந்துவிடுவான்.

மொழி வேறு இருக்கிறது. பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். வகுப்பில் ஆசிரியர் ஆங்கில வார்த்தையைச் சொல்லி, உடனே தமிழில் உடைத்துச் சொல்வார். "டார்க்னா முறுக்கு விசைடா, ஸ்பேனரை நினைச்சுக்கோ" என்பார். வேகமான ஆங்கிலத்தில் ஓடுகிற வீடியோ அப்படி உடைத்துச் சொல்லுமா?

எந்த நேரத்தில்? யார் போனில்?

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். நான்கு தியரி பாடம். ஒவ்வொன்றுக்கும் 20 நிமிட வீடியோ. மொத்தம் 80 நிமிடம். நிறுத்தி நிறுத்தி நோட்ஸ் எடுத்தால் இரண்டு மடங்கு, அதாவது 2 மணி 40 நிமிடம். இதற்கு மேல் ரெக்கார்டு நோட்டு, டிராயிங் ஷீட், அசைன்மெண்ட். காலை 7 மணிக்கு பஸ் பிடித்து, மாலை 6 மணிக்கு வீடு திரும்பும் டே ஸ்காலருக்கு இந்த 2 மணி 40 நிமிடம் எங்கிருந்து வரும்? கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் வேலைக்குப் போகிறவன், விடியற்காலையில் பேப்பர் போடுகிறவன், அப்பாவோடு கடையில் நிற்கிறவன், எல்லோரும் நம் வகுப்பில்தான் இருக்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் தண்ணீர் பிடிக்கவும் சமையலுக்கு உதவவும் நம் சகோதரிகளைத்தான் கூப்பிடுவார்கள். அண்ணன் தம்பியைக் கூப்பிடுவதில்லை. வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் நேரம் ஒன்றுதான் நம் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கிற நேரம். பாடத்தை அந்த நேரத்திலிருந்து எடுத்து வீட்டு நேரத்தில் வைத்தால், வசதியான வீட்டில் பிறந்தவன் ஜெயிப்பான். இதற்குப் பெயர் புதுமையா?

2017-18-ல் மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு எடுத்த கணக்கில், இந்தியாவில் கம்ப்யூட்டர் உள்ள வீடுகள் 10.7 சதவீதம்தான்; கிராமங்களில் 4.4 சதவீதம். அதற்குப் பிறகு போன் பெருகிவிட்டது, உண்மைதான். ஆனால் வீட்டில் ஒரு நல்ல போன், அதை அப்பா வேலைக்கு எடுத்துப் போகிறார் என்கிற வீடுகள் இன்றும் உண்டு. ஊரடங்கு நேரத்தில், 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. டேட்டா இலவசம் என்று தமிழக அரசு அறிவித்தது. டேட்டா என்பது சும்மா கிடைப்பதில்லை, படிப்புக்கு அதுவும் ஒரு செலவு என்பதை அரசே ஒப்புக்கொண்ட மாதிரிதானே அது? இன்று அந்த ரீசார்ஜ் செலவு யார் தலையில்?

பார்த்தவன், பார்க்காதவன்

சரி, வகுப்புக்கு வருவோம். 60 பேர் இருக்கும் வகுப்பு. 25 பேர் வீடியோவை ஒழுங்காகப் பார்த்துவிட்டு வந்தார்கள். 15 பேர் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட விட்டு, பார்த்த கணக்குக் காட்டினார்கள். 20 பேர் பார்க்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் என்ன செய்வார்? பார்க்காதவர்களுக்காக மறுபடி நடத்தினால், பார்த்துவிட்டு வந்தவன் "நாம ஏன் பார்த்தோம்?" என்று நினைப்பான், அடுத்த வாரம் அவனும் பார்க்க மாட்டான். நடத்தாமல் நேரே கணக்குக்குப் போனால், பின் பெஞ்ச் அன்றைக்கே கழன்றுகொள்ளும். இரண்டு பக்கமும் இடி வாங்குகிற மத்தளம்தான் ஆசிரியர்.

நேரத்தையும் பாருங்கள். 50 நிமிட பீரியட், 60 பேர். ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நின்றால் ஆளுக்கு ஒரு நிமிடம்கூட வராது. ஒரு ஆசிரியருக்குக் குறைவான மாணவர்கள் இருக்கிற இடத்தில் சாத்தியமானது, இங்கே பெயரளவுக்குத்தான் நடக்கும். நல்ல வீடியோ தயாரிக்கவும் நேரம் வேண்டும். லேப், வேல்யுவேஷன், அட்மிஷன் வேலை என்று ஓடும் ஆசிரியர் அதை எப்போது செய்வார்? யாரோ எடுத்த வீடியோவின் லிங்க்கை அனுப்புவதில் வந்து முடிகிறது. குறை ஆசிரியர்களிடம் இல்லை. ஆள் பலமும் நேரமும் கொடுக்காமல் முறையை மட்டும் இறக்குமதி செய்ததில் இருக்கிறது.

"பொறுப்பில்லாத பசங்க"

"காலேஜ் வந்த பிறகும் ஊட்டி விடணுமா? நாளைக்கு வேலைக்குப் போனா யார் சொல்லித் தருவாங்க? தானா படிக்கப் பழகணும்" என்று சிலர் சொல்வார்கள். நியாயமான கேள்வி. தானாகப் படிக்கத் தெரியாத டெக்னீஷியன் இன்றைக்குப் பிழைக்க முடியாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தானாகப் படிப்பதும் நீச்சல் மாதிரிதான். முதலில் ஆழமில்லாத இடத்தில் கையைப் பிடித்துச் சொல்லித் தர வேண்டும். டிப்ளமோவுக்குப் பத்தாவது முடித்த கையோடு பதினைந்து, பதினாறு வயதில் வந்து சேருகிறோம். முதல் செமஸ்டரிலேயே நடுக் கிணற்றில் தள்ளிவிட்டு, "நீந்தி வா, பொறுப்பு வரும்" என்றால் எப்படி? நீந்தி வந்தவர்களை மேடையில் ஏற்றுகிறோம். மூழ்கியவன் அரியரோடு டிஸ்கன்டினியூ ஆகிப் போய்விடுகிறான். அவன் பக்க நியாயத்தைக் கேட்க அவன் இங்கே இல்லை.

நம்மிடமே இருக்கிறது நல்ல முறை

வேடிக்கை என்னவென்றால், செய்து படிப்பது நமக்குப் புதிதே அல்ல. பாலிடெக்னிக்கின் உயிரே அதுதான். ஃபிட்டிங் ஷாப்பில் என்ன நடக்கிறது? முதலில் ஃபைலை எப்படிப் பிடிப்பது, எப்படி நிற்பது, எங்கே அழுத்துவது என்று இன்ஸ்ட்ரக்டர் செய்து காட்டுகிறார். அப்புறம் நாம் ஜாப் செய்கிறோம். அவர் ஒவ்வொரு வைஸாகச் சுற்றி வருகிறார். "முழங்கையை இறக்கு, மட்டம் போகுது பாரு" என்று கையைத் திருத்துகிறார். விளக்கமும் நேரில், பயிற்சியும் நேரில். "லேத்தை வீட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வா" என்று எந்த இன்ஸ்ட்ரக்டராவது சொல்வாரா? லேத்துக்குப் பொருந்துகிற நியாயம் தெவெனின் தேற்றத்துக்கும் பெண்டிங் மொமெண்ட்டுக்கும் பொருந்தாதா?

நாம் கேட்க வேண்டியது

ஆகவே நண்பர்களே, வீடியோவே வேண்டாம் என்று கொடி பிடிக்கச் சொல்லவில்லை. ஒழுங்காகப் பயன்பட்டால் அது நல்ல துணை. வகுப்புக் குழுக் கூட்டத்தில் நம் பிரதிநிதிகள் இந்த நான்கை மரியாதையோடு, ஆனால் தெளிவாகக் கேட்கலாம்.

ஒன்று: புதுப் பாடத்தின் முதல் விளக்கம் வகுப்பில்தான் நடக்க வேண்டும். 15, 20 நிமிடம் போதும். மீதி நேரம் நாங்களே கணக்குப் போடுகிறோம்; ஆசிரியர் சுற்றி வரட்டும்.

இரண்டு: வீடியோ பாடத்துக்குப் பிறகு வரட்டும், திரும்பப் பார்க்கவும், லீவு போட்டவன் பிடித்துக்கொள்ளவும். நீளமாக வேண்டாம். எட்எக்ஸ் பாட வீடியோக்களை ஆராய்ந்து 2014-ல் வந்த ஓர் ஆய்வு, எவ்வளவு நீளமான வீடியோவானாலும் மாணவர்கள் ஊன்றிப் பார்ப்பது சுமார் 6 நிமிடம்தான் என்று சொல்கிறது. நம் சிலபஸுக்கும் நம் மொழிக்கும் ஒத்து வருவதாக ஆசிரியரே பார்த்துத் தேர்ந்தெடுத்ததாக இருக்கட்டும்.

மூன்று: வீட்டில் வசதி இல்லாதவர்களுக்காகக் கம்ப்யூட்டர் லேபை மதிய இடைவேளையிலும், வகுப்பு முடிந்த பின் பஸ் வரும் வரையிலும் திறந்து வைக்க வேண்டும். டேட்டா செலவில்லாமல் காப்பி எடுத்துக்கொள்ள ஃபைலாகவும் தர வேண்டும்.

நான்கு: வீடியோ பார்த்ததற்கு மார்க், பார்க்காததற்கு மார்க் குறைப்பு என்பது வேண்டாம். இன்டர்னல் மார்க் படிப்புக்குத்தான். வீட்டில் இருக்கும் போனுக்கு அல்ல.

கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. ஆசிரியர் நேரில் விளக்கும்போது நாம் மேஜைக்கடியில் போனை நோண்டிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. புரியாத இடத்தில் கை தூக்க வேண்டும். "இது கூடத் தெரியாதா?" என்று பக்கத்தில் இருப்பவன் சிரித்தாலும் தூக்க வேண்டும். நமக்குப் புரிந்ததைப் பின் பெஞ்ச் நண்பனுக்குத் தமிழில் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

தலைகீழாக நின்று பார்த்தாலும் ஒரு விஷயம் மாறாது. தெரியாத ஒன்றை முதல்முறை தெரிந்துகொள்ளும் நேரத்தில் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். வீட்டில் அந்த ஆள் இருக்கிற பிள்ளைகள் எங்கிருந்தும் படித்துக்கொள்வார்கள். அப்பாவும் அம்மாவும் எட்டாவதைத் தாண்டாத வீடுகளிலிருந்து வருகிற நமக்கு அந்த ஆள் இருக்கிற ஒரே இடம் கல்லூரி வகுப்பறை. அதை விட்டுக்கொடுக்க வேண்டாம்!